வெளிநாட்டு ஸ்டாப்பர் வந்தால் மட்டும் ஓட்டை அடைபடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) ஆடும் நம் சென்னைக் கால்பந்து அணியான சென்னையின் எஃப்.சி. கோல் வாங்கிக் குவிக்கும்போதெல்லாம் ரசிகர்கள் கேட்பது ஒன்றுதான்: அடுத்த சீசனுக்கு எந்த வெளிநாட்டு ஸ்டாப்பரை, அதாவது பின்வரிசையின் நடுவில் நின்று காக்கும் வீரரை, எடுக்கப் போகிறார்கள்? 2023-24இல் 6ஆம் இடம், 2024-25இல் 13 அணிகளில் 11ஆம் இடம் என்று இறங்கிய பிறகு இந்தக் கேள்வி இன்னும் பலமாகிவிட்டது. குமரிக் கடற்கரையில் தூத்தூர் முதல் குளச்சல் வரை பந்து பார்க்கிறவர்கள் கூடும் இடமெல்லாம் இதே பேச்சு. ஆனால் கோல் பின்வரிசையில் விழுந்தாலும் ஓட்டை பெரும்பாலும் அதற்கு முன்னால் இருக்கிறது. அதை அடைக்காமல் ஆளை மட்டும் மாற்றினால் அடுத்த சீசனும் இதே கதைதான்.

இதற்குச் சாட்சி அந்த அணியின் பழைய கணக்கிலேயே இருக்கிறது. 2017-18இல் ஜான் கிரிகோரியின் பயிற்சியில் சென்னையின் எஃப்.சி. 18 லீக் ஆட்டங்களில் 32 புள்ளி எடுத்து, இறுதி ஆட்டத்தில் பெங்களூருவை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்றது. அதில் இரண்டு கோல் ஸ்டாப்பர் மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டியது. அடுத்த சீசனிலும் அதே கிரிகோரி, அதே மைல்சன். கிடைத்தது 18 ஆட்டத்தில் 9 புள்ளி, கடைசி இடம். நடுவில் என்ன ஆயிற்று? மைல்சனின் ஜோடி என்ரிக் செரேனோ விலகினார். எல்லாரும் சொல்வது அதைத்தான். அதிகம் பேசப்படாதது, ஸ்டாப்பர்களுக்கு முன்னால் நின்று பந்தைப் பிடுங்கிக் கொண்டிருந்த தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் ஆட முடியாமல் போனது.

அந்த இடத்தில் நிற்கிறவருடைய வேலை ஸ்கோர் பலகையில் தெரியாது. லெஃப்ட் பேக்குக்கு உதவ ஸ்டாப்பர் ஓரத்துக்கு இழுபட்டால், அவர் விட்டுப்போன இடத்தில் இறங்கி நிற்பவர் இவர். ஸ்டாப்பர் முட்டி வெளியேற்றும் பந்து பெனால்டி கட்டத்தின் விளிம்பில் விழும்போது முதலில் போய்ச் சேர வேண்டியவரும் இவர்தான். இவர் இல்லாவிட்டால் ஸ்டாப்பர் ஒரே நேரத்தில் இரண்டு முடிவு எடுக்க வேண்டியிருக்கும்: முன்னேறிப் போய் இடைமறிப்பதா, பின்வாங்குவதா? பாதி மனதோடு ஒரு அடி முன்னால் வைத்து நிற்பார். அந்த ஒரு அடிதான் கோல்.

அடுத்தது அகலம். மைதானம் 68 மீட்டர் அகலம். பின்வரிசையின் நாலு பேக்கும் (நடுவில் இரண்டு ஸ்டாப்பர், ஓரங்களில் லெஃப்ட் பேக், ரைட் பேக்) அதைச் சமமாகப் பங்கு போட்டால் ஆளுக்கு 17 மீட்டர். அதை யாராலும் காக்க முடியாது. ஆகவே பந்து இருக்கும் பக்கமாக நாலு பேரும் சேர்ந்தே நகர வேண்டும். ஆளுக்கு ஆள் 8 முதல் 10 மீட்டர், முழு வரிசையும் 30 மீட்டருக்குள். பந்து நம் இடது ஓரத்தில் இருந்தால் ரைட் பேக் கோலின் வலது கம்பத்துக்கு நேராக வந்துவிட வேண்டும். எதிர்ப்பக்க ஓரத்தில் தாக்கும் விங்கர் அங்கே தனியாக நிற்பது பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அவருக்குப் பந்து போய்ச்சேர 40 மீட்டர் காற்றில் பறக்க வேண்டும். அந்த இரண்டு வினாடிக்குள் வரிசை நகர்ந்துவிடலாம். ஒருவர் மட்டும் நகர மறந்தால் அவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே 15 மீட்டர் வாசல் திறக்கும். கரையில் நின்று கரமடி வலை இழுப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கக் கயிறு முந்தினால் மடி சாய்ந்து மீன் போய்விடும்.

இதற்குச் செலவில்லாத பயிற்சி உண்டு. நாலு பேருடைய இடுப்பையும் 8 மீட்டர் கயிறுகளால் இணைத்து, பயிற்சியாளர் பந்தை ஓரத்துக்கு ஓரம் மாற்ற மாற்ற வரிசையை நடக்க விட வேண்டும். ஓட்டம் வேண்டாம், நடை போதும். கயிறு மணலில் இழுபட்டால் நெருக்கம் அதிகம். விறைத்தால் இடைவெளி அதிகம். ஒரு வாரம் கழித்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, 6 பேர் தாக்க 8 பேர் காக்கும் ஆட்டத்தைப் பாதி மைதானத்தில் ஆட வேண்டும். தொழில்முறை வீரர்களுக்கு இது சின்னப் பிள்ளை விளையாட்டு என்று தோன்றலாம். ஆனால் சீசன் நடுவே வந்து சேர்கிறவர்களுக்கு இதற்கெல்லாம் நேரமே கிடைப்பதில்லை. 2025 ஜனவரியில் பேக்கான பிரீதம் கோட்டல் சென்னையின் எஃப்.சி.க்கு வந்தார். அனுபவத்தில் அவருக்குக் குறையில்லை. ஆனால் எந்தப் பேக்காக இருந்தாலும் பக்கத்தில் நிற்கிறவர் எப்போது முன்னேறுவார், எப்போது காத்திருப்பார் என்பது ஆட்டங்கள் போகப் போகத்தான் பழகும். ஃபார்வர்டை ஜனவரியில் எடுத்தால் பலன் கிடைக்கலாம். பேக்கை சீசன் தொடங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

அதனால்தான் 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். நிறுத்தி வைக்கப்பட்டு, சென்னையின் எஃப்.சி. உட்படச் சில கிளப்புகள் முதல் அணியின் வேலைகளை நிறுத்தியது தற்காப்புக்குத்தான் அதிகம் அடி. கோல் அடிக்க ஒருவருடைய திறமை போதும். கோலைக் காக்க 10 பேர் ஒரே நேரத்தில் ஒரே முடிவுக்கு வர வேண்டும். அதற்குக் குறைந்தது 6 முதல் 8 வாரத் தொடர் தயாரிப்பு வேண்டும். அதை உறுதிசெய்யாமல் எந்தப் பெரிய பெயரை வாங்கியும் பயனில்லை.

இன்னொரு கணக்கையும் மறந்துவிடுகிறோம். 2021-22 முதல் களத்தில் ஒரே நேரத்தில் 4 வெளிநாட்டினர்தான் ஆடலாம். பெரும்பாலான கிளப்புகள் அதில் இரண்டு, மூன்று இடங்களை முன்வரிசைக்கும் நடுவரிசைக்கும் ஒதுக்கிவிடுகின்றன. மிஞ்சுவது ஒரே ஒரு வெளிநாட்டு ஸ்டாப்பர். அவருடைய ஜோடியும் இரண்டு ஓர பேக்குகளும் கோல்கீப்பரும் நம் நாட்டவர்கள். கோல்வாசலில் நிற்கும் ஐவரில் நால்வரைப் பற்றிப் பேசாமல் ஒருவரைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பெரும்பாலும் அடி வாங்குவது நாம் தாக்கும்போதுதான். இரண்டு ஓர பேக்குகளும் ஒரே நேரத்தில் மேலே ஏறிவிடுகிறார்கள். பந்து பறிபோனதும் இரண்டு ஸ்டாப்பர்களும் 50 மீட்டர் திறந்த வெளியைக் காக்க வேண்டியதாகிறது. ஒரு பக்க பேக் ஏறினால் மறுபக்க பேக் உள்ளே ஒதுங்கி மூன்றாவது ஸ்டாப்பராக நிற்க வேண்டும். அவர்களுக்கு முன்னால் நடுக்கள வீரர் இருவர். இது எழுதாத சட்டமாக இருக்க வேண்டும், பயிற்சியாளர் ஓரக்கோட்டில் நின்று கத்த வேண்டியதாக இருக்கக் கூடாது. பந்து போன முதல் 5 வினாடிக்குள் பக்கத்தில் இருப்பவர் பாய்ந்து மறிக்க வேண்டும். முடியாவிட்டால் எல்லாரும் பின்வாங்க வேண்டும். பாதிப் பேர் பாய்ந்து பாதிப் பேர் பின்வாங்கும்போதுதான் நடுவில் 30 மீட்டர் வெற்றிடம் உண்டாகிறது.

கார்னருக்கு, இடத்தைக் காப்பதும் ஆளை மறிப்பதும் சேர்ந்த கலப்பு முறையே மேல். கோலுக்கு முன்னுள்ள 5.5 மீட்டர் கோட்டில் முட்டத் தெரிந்த நாலு பேர், ஓடி வருகிறவர்களை மறிக்க மூவர், கிட்டக் கம்பத்தில் ஒருவர், கட்டத்தின் விளிம்பில் ஒருவர். முட்டும் பந்து நடுவே விழாமல் உயரமாக ஓரத்துக்குப் போக வேண்டும். இவ்வளவுதான்.

கடைசி 15 நிமிடம் தனிப் பிரச்சினை. சென்னை, கொச்சி, கோவா ஈரப்பதத்தில் 75ஆவது நிமிடத்துக்கு மேல் பின்வரிசை தன்னையறியாமல் 5 மீட்டர் இறங்கும். களைத்த நடுவரிசை அதோடு சேர்ந்து இறங்காது. இடையில் எதிரணி நிமிர்ந்து நின்று ஷாட் அடிக்கும். 5 மாற்று வீரர்களை 3 தவணையில் இறக்க அனுமதி இருக்கிறது. அதில் ஒரு தவணையை 65ஆவது நிமிடத்தில் நடுவரிசைக்கென்றே செலவிட வேண்டும். தோற்ற பிறகு ஃபார்வர்டை மாற்றுவதில் என்ன லாபம்? ‘கடைசி நேரத்தில் அதிர்ஷ்டம் கைவிட்டது’ என்று விளையாட்டுப் பக்கத்தில் எழுதுவதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

இதில் நம் மாவட்டத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரையுள்ள கடலோர ஊர்கள் இந்தியக் கால்பந்துக்கு வீரர்களைக் கொடுத்திருக்கின்றன. ஆனால் நம் பையன்களில் பெரும்பாலோர் விங்கர்களாகவே வெளியே வருகிறார்கள். காரணம் மணலும், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸும். மணலில் பந்து உருளாது, அதனால் காலோடு ஒட்டி வெட்டிப் போகும் பழக்கம் வருகிறது. செவன்ஸில் பெரும்பாலும் ஆஃப்சைடு (பின்வரிசையைத் தாண்டி முன்கூட்டியே நின்று பந்து வாங்கக் கூடாது என்ற விதி) கிடையாது, அதனால் பின்வரிசையை ஒன்றாக முன்னே நகர்த்தும் பழக்கம் வருவதே இல்லை. எதிராளி கோல்வாசலில் காத்து நிற்கலாம் என்றால், பேக்கும் அவரோடு ஒட்டி நிற்க வேண்டியதுதான். 18 வயதில் ஒரு கிளப்பின் சோதனை முகாமுக்குப் போய் முதன்முறையாக வரிசையில் நிற்கச் சொன்னால் அந்தப் பையன் என்ன செய்வான்?

கற்றுக்கொடுத்தால் வரும் என்பதற்கு இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜே போதும். விங்கராகப் பேரெடுத்த அவரை 2019-20இல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் பயிற்சியாளர் ஆன்டோனியோ ஹபாஸ் இடது விங்-பேக்காக, அதாவது ஓரத்தில் தாக்கவும் காக்கவும் வேண்டியவராக, ஆட வைத்தார். அந்த அணிதான் இறுதி ஆட்டத்தில் சென்னையின் எஃப்.சி.யை 3-1 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்தது.

கோடை விடுமுறையிலும் திருவிழாவிலும் போட்டி நடத்தும் சங்கங்கள், 15 வயதுக்கு உட்பட்டோர் பிரிவையாவது ஆஃப்சைடு விதியோடு லெவன்ஸாக நடத்தலாம். அதற்குக் கொடி பிடிக்கத் தெரிந்த லைன் ரெஃப்ரி இருவர் வேண்டும். ஊருக்கு இரண்டு மூத்த வீரர்களுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தால் போதும். பரிசு மேசையில் அதிக கோல் அடித்தவருக்கு ஒரு கோப்பை இருப்பதுபோலச் சிறந்த பேக்குக்கும் ஒன்று வைக்கலாம். 12 வயதுக்குக் கீழே தலையால் முட்டும் பயிற்சி வேண்டாம். அந்த வயதில் பந்தையும் ஆளையும் ஒருசேரப் பார்க்கும்படி உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நிற்கப் பழக்கினால் போதும்.

சென்னையின் எஃப்.சி. நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆள் இங்கே போட்டி பார்க்க வரும்போது, மூன்று பேரை வெட்டிப் போகும் பையனின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம். எதிரணியில் அவனை இரண்டாவது பாதி முழுக்க ஓரக்கோட்டை விட்டு உள்ளே வரவிடாமல் நிறுத்திய லெஃப்ட் பேக்கின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர்,
தூத்தூர் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்