பின்னக் கணக்குக்கு ஒரு டேப் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முப்பது வருஷமாக மரவேலை செய்கிறேன். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளின் கணக்கு நோட்டைப் போன வாரம் புரட்டினேன். முக்காலிலிருந்து எட்டில் மூன்றைக் கழிக்க வேண்டும். மேலே 3-ல் 3 போக 0, கீழே 8-ல் 4 போக 4 என்று போட்டு, விடை பூஜ்யம் என எழுதியிருந்தாள்.

இந்தக் கணக்கு எனக்குத் தினப்படி வேலை. அலமாரியின் பக்கப் பலகை முக்கால் இஞ்ச் கனம். பின்பலகையைச் சொருக அதில் மூன்று நூல் ஆழத்துக்குக் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுப்போம். இஞ்சில் எட்டில் ஒரு பங்கைத்தான் நாங்கள் நூல் என்போம். முக்கால் இஞ்ச் என்றால் ஆறு நூல். மூன்று போனால் மிச்சம் மூன்று.

மகளைப் பட்டறைக்குக் கூட்டிப்போய், காடி எடுத்த துண்டுப் பலகை ஒன்றைக் கையில் கொடுத்தேன். டேப்பை வைத்துக் கோடுகளை எண்ணினாள். காடிக்கு அடியில் நிற்கும் மரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பூஜ்யம்னா பலகை ரெண்டா விழுந்திருக்கணுமேப்பா" என்றாள். அப்புறம் நான் சொல்லாமலே 6/8 − 3/8 = 3/8 என்று திருத்தினாள்.

மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) காண வேண்டும், பகுதிகளைச் சமமாக்க வேண்டும் என்ற விதியை அவள் மனப்பாடமாக ஒப்பிக்கிறாள். எதற்கு என்றுதான் தெரியவில்லை. கால் ஒரு அளவுத் துண்டு, எட்டில் ஒன்றான அரைக்கால் வேறு அளவுத் துண்டு. இரண்டையும் ஒரே அளவாக்கினால்தான் எண்ணிக் கழிக்க முடியும். பாடத்தில் முதலில் வரவேண்டியது இதுதான் என்பேன்.

மூன்றில் ஒன்று வந்தால் நூல் கைகொடுக்காது. சரி, அடியை எடுத்துக்கொள்ளலாம். முக்கால் அடி 9 இஞ்ச், மூன்றில் ஒரு அடி 4 இஞ்ச். மிச்சம் 5 இஞ்ச், அதாவது 5/12 அடி. நாலுக்கும் மூன்றுக்கும் பொதுவான அந்த 12-ஐத்தான் புத்தகம் மீ.சி.ம. என்கிறது.

திண்ணைப் பள்ளியில் படித்த என் தாத்தா பதினாறில் ஒன்றை மாகாணி என்பார். மா 1/20, காணி 1/80. மாவை நாலு காணியாக்கி, இன்னொரு காணியைச் சேர்த்தால் 5/80, அதாவது 1/16. பெயருக்குள்ளேயே கணக்கு இருக்கிறது! பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக் கொடுக்கலாம்.

பின்னப் பாடம் நடக்கும் நாட்களிலாவது ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் தையற்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் இருக்க ஆசிரியர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். பிள்ளைகளைப் பட்டறைக்கே அழைத்து வந்தாலும் காடி எடுத்துக் காட்டுகிறேன். துண்டுப் பலகை நிறையவே கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு மர ஆசாரி,
கும்பகோணம்.