சலங்கைப் பெட்டி இங்கே இருக்கிறது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ பெங்களூர் போய்ப் பதினெட்டு நாட்களாகின்றன. வந்து சேர்ந்துவிட்டேன் என்று ஒரு வரி அனுப்பியதோடு சரி. சலங்கைப் பெட்டி அலமாரியின் மேல்தட்டிலேயே இருக்கிறது. அவசரத்தில் மறந்துவிட்டாள் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்தனுப்பட்டுமா?

பெசன்ட் நகர் ‘ஸ்பேசஸ்’ அரங்கில் அன்று பார்த்த தனிநடனத்தைப் பற்றி வீடு திரும்பும் வழியெல்லாம் நீ வாய் திறக்கவில்லை. இதையெல்லாம் நடனம் என்று எப்படிச் சொல்வது என்று ஆட்டோவில் கேட்டது நான்தான். பாட்டு இல்லை, தாளம் தட்டி ஜதி சொல்லும் நட்டுவாங்கம் இல்லை. குப்புறப் படுத்திருந்த அந்தப் பெண் வலது தோளைத் தரையிலிருந்து எடுப்பதற்கே நாலைந்து நிமிடங்கள் ஆயின. ஆனால் அவளுடைய முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக எழுந்து வந்தபோது, நீ முன்னால் சாய்ந்து அவள் மூச்சோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். பிறகு மேடையை நான் பார்க்கவில்லை.

அந்த ஸ்பேசஸ், நடனக் கலைஞர் சந்திரலேகா வாழ்ந்த இடம். 1952இல் ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்காக ஆடியபோது, யமுனையின் நீர் விளையாட்டை அபிநயித்துக்கொண்டிருந்தவர், தண்ணீர் இல்லாதவர்களுக்காக அல்லவா ஆடுகிறோம் என்ற நினைவு வந்து உறைந்துபோனதை நீதான் எனக்குச் சொன்னாய். ஆனாலும் பரதநாட்டியத்தின் அடிப்படையான அடவை அவர் விட்டுவிடவில்லையே. 1985இல் ‘அங்கிகா’ என்ற நடனத்தைப் படைத்தபோது களரிப்பயிற்றையும் யோகத்தையும் அடவுக்குப் பக்கத்தில் வைத்தார், அடவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கவில்லை. இதை நீ யோசிக்க வேண்டும். பதினான்கு வருடம் அரைமண்டியில் உட்கார்ந்த கால்கள் உன்னுடையவை. போன மார்கழியில் சபா கேன்டீனில் முன்பின் தெரியாத ஒரு மாமி, அந்த உட்காருதலை இந்தக் காலத்துப் பெண்களிடம் பார்க்க முடிவதில்லை என்று உன்னைப் பற்றி என்னிடமே சொன்னார். சிமெண்ட் தரையில் ஆடாதே. முழங்கால் வலித்தால் அன்றைக்கு ஓய்வெடு. சிமெண்ட் தரையில் மட்டும் ஆடாதே.

ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியவில்லை. ஸ்பேசஸில் பார்த்த அந்த நடனத்தைப் பற்றி உன் வகுப்புக்காக நீ எழுதிய நான்கு பக்கங்கள் சலங்கைப் பெட்டிக்கு அடியில் இருந்தன. உன்னைக் கேட்காமல் படித்துவிட்டேன். “அவளைச் சிரிக்கச் சொல்ல எதிரே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை” என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். வேறு யாருக்கும் அது புரியாது.

உன் அரங்கேற்றத்தில், வர்ணத்தின் சரணத்துக்கு வரும்போதே உன் இடது குதிகால் வெடித்து, தட்டுகிற இடமெல்லாம் சிவப்பாகப் பதிந்தது. முதல் வரிசையில் இருந்த எனக்கு அது தெரிந்தது. தெரிந்தே, இரண்டு விரல்களை உதட்டோரங்களில் வைத்து இழுத்துக் காட்டினேன். நீயும் சிரித்தாய். இடைவேளையில் ஒப்பனை அறைக்கு வந்து, உன் பாதத்தைப் பார்க்காமல், கலைந்திருந்த பொட்டைத்தான் சரிசெய்தேன். உனக்கு அப்போது பதினான்கு வயது. அன்று எடுத்த படம் இன்னும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அந்தச் சிரிப்பை வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேலே கேட்டதற்கு நீ பதில் எழுத வேண்டாம். நீயாகக் கேட்காமல் சலங்கையை யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டேன். தோல் விறைத்துப்போகாமல் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். குதிகால் இப்போதும் வெடிக்கிறதா என்பதை மட்டும் எழுது.

அம்மா
திருவான்மியூர்