பெயரை விட்டு வீட்டைப் பிடி

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயர் ஜில்லாவைச் சேர்ந்த உன் சம்பந்தி வீட்டு வம்சாவளி 1741-இல் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது என்கிறாய். தேவாலயப் பதிவேட்டில் கல்யாணம் மே மாதம், பிள்ளைக்கு ஞானஸ்நானம் அதே வருஷம் பிப்ரவரியில். இதை மருமகளிடம் எப்படிச் சொல்வது என்று தவிக்கிறாய். தவிக்க ஒன்றுமில்லை. கல்யாணமாகி ஒன்பது மாதம் கழித்துத்தான் ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் சட்டப்படி வருஷம் பிறந்தது மார்ச் 25-ஆம் தேதி. மே மாதம் போய், கிறிஸ்துமஸ் போய், அதன் பிறகு வரும் பிப்ரவரியும் 1741 கணக்கில்தான் சேரும். நமக்கு அது 1742. குறித்துக்கொள்ளும்போது 1741/42 என்று இரண்டையும் போட்டுவிடு. 1752-இலிருந்துதான் ஜனவரி 1 வருஷப் பிறப்பு ஆயிற்று. அந்த வருஷம் செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் 14. நடுவில் பதினோரு நாள் பதிவு காணோமே என்று யாரையும் குறை சொல்லாதே.

இன்னொன்று. ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதி என்று எழுதாதே. நாலு பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒரே நாளில் செய்தவர்கள் உண்டு. 1783 அக்டோபரில் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி வந்தது. அதற்கு முந்தின மாதங்களில் வரிக்குப் பயந்து, நடக்கத் தெரிந்த பிள்ளைகளைக்கூடத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வரி இருந்த 1794 வரை, பதிவின் ஓரத்தில் ‘பி’ என்ற எழுத்தைப் பார்த்தால் ‘பாப்பர்’, பரம ஏழை என்று பொருள். ஏழைக்கு வரி இல்லை; அதனால் இரக்கப்பட்டு அந்த எழுத்தைப் போட்ட குருவானவர்களும் இருந்தார்கள். அதை மட்டும் நம்பி வறுமைக் கதை கட்டாதே.

பெயரைத் துரத்துகிறாய், அதுதான் உன் சிக்கல். ஷ்ரோப்ஷயர் வேல்ஸ் எல்லையில் இருக்கும் ஜில்லா. டேவிஸ், ஜோன்ஸ் என்று அள்ளலாம். வேல்ஸ் வழக்கில் தகப்பன் பெயரே பிள்ளைக்கு இனிஷியல் மாதிரி. ‘ஆப் ஹியூ’ என்றால் ஹியூவின் மகன், அதுவே பிறகு ‘பியூ’ என்று குடும்பப் பெயராகிவிட்டது. நமக்கு இது புதிதா என்ன? இரண்டு தலைமுறை மேலே போனால் பெயர் கையை விட்டு வழுக்கிவிடும்.

வீட்டைப் பிடி. இதற்கு உன் சம்பந்தி ஊருக்குப் பக்கத்திலேயே வழிகாட்டி இருக்கிறார். ஷ்ரூஸ்பரிக்கு வடக்கே மிடில் என்று ஒரு சிறு பாரிஷ், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி. அங்கே ரிச்சர்ட் கஃப் என்ற குடியானவர், அறுபத்தைந்து வயதுக்கு மேல், 1700 முதல் 1702 வரை உட்கார்ந்து ஊர்க் குடும்பங்களின் கதையை எழுதினார். வரிசை எப்படித் தெரியுமா? தேவாலயத்தில் யார் எந்த இருக்கையில் உட்கார்கிறார்கள் என்பதை வைத்து. இருக்கை ஆளுக்கு அல்ல, வீட்டுக்கும் நிலத்துக்கும் சொந்தம். பெரிய பண்ணைக்கு முன்வரிசை, குடிசைக்குப் பின்வரிசை. குடும்பம் அழிந்தாலும், மகள் வழியாகப் பெயர் மாறினாலும் இருக்கை மாறாது. குடிகாரன், கடன்காரன், சண்டைக்காரி எல்லாரையும் பூசி மெழுகாமல் எழுதியிருக்கிறார். 1640-களில் நடந்த இங்கிலாந்து உள்நாட்டுப் போருக்கு மிடில், மார்ட்டன், நியூட்டன் மூன்று ஊர்களிலிருந்து இருபது பேர் போய்ப் பதின்மூன்று பேர் செத்ததையும் அவர்தான் சொல்கிறார்.

நீ செய்ய வேண்டியது இது. தசமபாகம் என்றால் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தேவாலயத்துக்கு; அதற்காக 1836 சட்டத்தின் பேரில் வரைந்த தசமபாக வரைபடத்தை முதலில் எடு. நிலத்துக்கு ஒரு எண்; எண்ணுக்கு நேரே உரிமையாளர், குடியிருப்பவர், வயலின் பெயர், பரப்பு எல்லாம் இருக்கும். பரப்பை ஏக்கர், ரூட், பெர்ச் என்று எழுதியிருப்பார்கள்: நாற்பது பெர்ச் ஒரு ரூட், நாலு ரூட் ஒரு ஏக்கர். அங்கிருந்து அதே வீட்டின் குத்தகைப் பத்திரங்களில் பின்னோக்கி நட. அந்தப் பக்கம் ‘மூன்று உயிர்’ குத்தகை சாதாரணம்: குடியானவன், மனைவி, மகன் என்று மூவரைக் குறிப்பிட்டு, கடைசி ஆள் சாகும்வரை நிலம் அவர்கள் கையில். ஒரே தாளில் மூன்று பேரின் உறவு கிடைத்துவிடும். பதிவேட்டில் தலைகீழாக நின்றாலும் அது கிடைக்காது.

நிலமே இல்லாத கிளை என்றால்? அங்கேதான் ருசியே. ஏழையைப் பற்றி ஊர் அக்கறையாக எழுதியதெல்லாம் அவனுக்குப் பணம் கொடுக்கப் பயந்தபோதுதான். பாரிஷ் என்றால் கோயிலும் பஞ்சாயத்தும் சேர்ந்த மாதிரி. ஏழைக்குச் சோறு போடுவது அதன் பொறுப்பு. 1662 சட்டப்படி ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒரு ஊரில் பாத்தியதை, அதாவது நொடித்தால் உதவி கேட்கும் உரிமை, இருக்கும். பிழைக்க வந்தவன் நொடித்துப்போனால் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தி விசாரிப்பார்கள்: எங்கே பிறந்தாய், எவரிடம் ஒரு வருஷம் முழுக்க வேலை பார்த்தாய், என்ன கூலி? அந்தப் பதில் தாள் ஒரு கூலிக்காரனின் முழு வாழ்க்கை வரலாறு. மணமாகாதவன் ஒரு வருஷம் முழுதாக வேலை பார்த்தால் அந்த ஊர்ப் பாத்தியதை வந்துவிடும் என்பதால், ஐம்பத்தோரு வாரத்துக்கு மட்டும் ஆள் வைத்த புத்திசாலிகள் உண்டு. முறைதவறிப் பிறந்த பிள்ளைக்குப் பிறந்த ஊரே பாத்தியதை. அதனால் நிறைமாதப் பெண்ணை வண்டியிலேற்றி எல்லைக்கு அப்பால் இறக்கிவிட்ட கொடுமையும் நடந்தது. கஃப்பே தன் ஊர் இப்படிப் பக்கத்து ஊர்களோடு போட்ட வழக்குகளுக்கென்று தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறார்.

பாத்தியதை வேறு ஊரில் என்று தெரிந்தால் ஆளை அங்கே அனுப்பிவிடுவார்கள். அந்த வெளியேற்றும் உத்தரவு சேரும் ஊருக்கும் போகும். எனவே உன் பாரிஷ் தன் தாள்களைப் போட்டுவைத்த பெட்டியில் இல்லையென்றால் அடுத்த ஊர்ப் பெட்டியில் தேடு. இரண்டுமே இப்போது அனேகமாக ஷ்ரூஸ்பரி ஆவணக்காப்பகத்தில்தான் இருக்கும். மேல்முறையீடு நடந்திருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடிய ஜில்லாவின் காலாண்டு நீதிமன்றக் கட்டுகளிலும் பார்.

அடுத்த முறை பதிவேட்டின் படம் அனுப்பும்போது அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி அனுப்பாதே, முழுப் பக்கத்தையும் அனுப்பு. அக்காலத்து நீண்ட ‘எஸ்’ பார்க்க ‘எஃப்’ மாதிரியே இருக்கும். எழுதியவர் கை எப்படிப் போகிறது என்று மேலும் கீழும் பத்து வரி பார்த்தால்தான் உன் மருமகளின் மூதாதை பெயரை அடித்துச் சொல்ல முடியும்.

அன்புடன்,
சேகர்