கயல்விழி விமானம் ஏறுவதற்கு முன்

தருமபுரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. தோத்தாபுரியை இந்த வருஷமும் கூழ் ஃபேக்டரிக்காரர்கள் சொன்ன விலைக்கே தள்ளிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நாலு மரத்திலாவது வேறு ரகம் ஒட்டுக்கட்டு என்று எத்தனை தடவைதான் சொல்வது? அதை நேரில் பேசிக்கொள்வோம். இப்போது உன் மகள் கயல் விஷயம்.

அமெரிக்காவில் நான்கு வாரம் ரொட்டேஷன், அதாவது ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போகிறாள், பாடத்தில் தாக்குப்பிடிப்பாளா என்று கேட்டிருக்கிறாய். பாடத்தைப் பற்றிக் கவலைப்படாதே. நம்ம தருமபுரி மெடிக்கல் காலேஜில் இன்டர்ன்ஷிப் செய்கிற பெண், பாம்புக்கடியும் பூச்சிமருந்து குடித்த கேஸும் பார்த்த அளவுக்கு அங்கே பல பேர் பார்த்திருக்க மாட்டார்கள். அவளை அலைக்கழிக்கப் போவது இரண்டு: போவதற்கு முன் காகிதம், போன பின் பேச்சு.

முதலில் பெயர். மார்க் ஷீட்டில் ‘எம். கயல்விழி’. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால், அமெரிக்க விசாவில் ‘கயல்விழி’ குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று அடிப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஆஸ்பத்திரி அடையாள அட்டையிலும் அதுவே ஏறி, நான்கு வாரமும் நர்ஸுகள் அவளை ‘எஃப்னு’ என்று கூப்பிட்டாலும் ஆச்சரியமில்லை. நம் இனிஷியல் வழக்கம் அவர்களுக்குப் புரியாது. யூ.எஸ்.எம்.எல்.இ., அதாவது அங்கே டாக்டராவதற்கான உரிமத் தேர்வு, அதற்குப் பதிவுசெய்த பெயரும் பாஸ்போர்ட் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால், எழுதப் போகிற அன்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் பாஸ்போர்ட்டை இப்போதே திருத்தி ‘கயல்விழி’, ‘முருகேசன்’ என்று இரண்டு கட்டத்தையும் நிரப்பு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நம் கல்லூரிப் பட்டம் அங்கே செல்லுமா என்று கேட்டாய். இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையமான என்.எம்.சி.க்கு 2023இல் டபிள்யூ.எஃப்.எம்.இ. என்கிற உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பின் அங்கீகாரம் கிடைத்துவிட்டது, அந்த வகையில் தடை இல்லை. உலக மருத்துவக் கல்லூரிப் பட்டியலில் கல்லூரியின் பக்கத்தைத் திறந்து, வெளிநாட்டு மருத்துவப் பட்டங்களைச் சரிபார்க்கும் அமெரிக்க அமைப்பான ஈ.சி.எஃப்.எம்.ஜி.யின் குறிப்பு இருக்கிறதா என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும். 2022இல் திறந்த உங்கள் கிருஷ்ணகிரி கல்லூரிப் பிள்ளைகள் யாராவது கேட்டாலும் இதையே சொல்.

அடுத்தது, அவள் மாணவியாகப் போகிறாளா, பட்டதாரியாகப் போகிறாளா என்பது. மாணவி என்றால் ‘எலெக்டிவ்’: நோயாளியைத் தொட்டுப் பார்க்கலாம், கேஸ் சொல்லலாம். பட்டம் வாங்கிவிட்டால் பெரும்பாலும் ‘அப்சர்வர்ஷிப்’தான், அதாவது நின்று பார்ப்பது மட்டும். இன்டர்ன்ஷிப்பில் இருப்பவரை மாணவராக எடுத்துக்கொள்கிற இடமும் உண்டு, எடுத்துக்கொள்ளாத இடமும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் இதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஏஜென்ட் மூலம் போனால் இன்னும் மூன்று கேள்வி: எந்த ஆஸ்பத்திரி, வார்டா வெறும் கிளினிக்கா, கடைசியில் தரும் சிபாரிசுக் கடிதம் யாருடைய லெட்டர்ஹெட்டில்? ஏதோ ஒரு தெருமுனை கிளினிக்கில் நாற்காலியில் உட்காரவைத்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். பிற்பாடு ரெசிடென்சிக்கு, அதாவது அங்கே பட்டத்துக்குப் பிறகு செய்யும் மருத்துவப் பயிற்சிக்கு, ஆள் எடுக்கும்போது அந்தக் கடிதத்துக்குப் பெரிய மதிப்பு கிடையாது.

தடுப்பூசிதான் யாரும் எதிர்பார்க்காமல் மாட்டிக்கொள்கிற இடம். ‘சின்ன வயசில் எல்லாம் போட்டாச்சு’ என்றால் அங்கே ஒப்புக்கொள்ள மாட்டார்கள், தேதியோடு சான்று வேண்டும், இல்லையென்றால் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி அளவு வேண்டும். ஹெபடைட்டிஸ் பி-க்கு அந்த அளவு 10 யூனிட்டாவது இருக்க வேண்டும். குறைந்திருந்து மூன்று ஊசியையும் முதலிலிருந்து போடச் சொன்னால் 0, 1, 6 மாதக் கணக்கு. அதிலேயே ஆறு மாதம் போய்விடும். எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா), சின்னம்மை ஊசிகள் இரண்டிரண்டு டோஸ், நடுவில் நான்கு வாரம். டி.பி.க்குத் தோலில் ஊசி குத்திப் பார்க்கும் மாண்டோ வேண்டாம். பிறந்தவுடன் போட்ட டி.பி. தடுப்பூசியான பி.சி.ஜி.யால் அது தடித்துக் காட்டக்கூடும். பிறகு விளக்கம் சொல்லியே ஓய்ந்துபோவாள். அதற்குப் பதில் எடுக்கிற ஐ.ஜி.ஆர்.ஏ. ரத்தப் பரிசோதனையை பி.சி.ஜி. பாதிக்காது. ஆனால் அதை எம்.எம்.ஆர். ஊசிக்கு முன்போ அதே நாளிலோ எடுத்துவிட வேண்டும். ஊசி போட்ட சில வாரங்களுக்குள் எடுத்தால் முடிவு தப்பாக வரக்கூடும். பாசிட்டிவ் வந்தாலும் பதறாதே, நம் நாட்டில் அது சகஜம். மார்பு எக்ஸ்ரே அறிக்கையைச் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் போதும்.

விசா நேர்காணலுக்குச் சென்னை போகும்போது ஆஸ்பத்திரி கொடுத்த அழைப்புக் கடிதத்தைக் கையில் வைத்திருக்கட்டும். சம்பளம் இல்லை, இத்தனை வாரம், முடிந்ததும் திரும்புகிறேன். இருப்பதை இருப்பதுபோல் சொன்னால் போதும். மருத்துவக் காப்பீடும், சில இடங்களில் கேட்கிற தொழில் பொறுப்புக் காப்பீடும் அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

இனிப் பேச்சு. நம் ஊரில் கேஸ் எப்படிச் சொல்வோம்? பெயர், வயது, பாலக்கோடு பக்கம் விவசாயக் கூலி, சொன்னவர் மனைவி, பிறகு தொந்தரவுகள் வரிசையாக. தேர்வில் இதற்கு மார்க். அங்கே காலை ரவுண்டில் மூன்று நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் வாக்கியத்திலேயே ஆள் யார், எதற்கு வந்தார் என்று தெரிந்துவிட வேண்டும்: ‘சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ள 58 வயது ஆண், இரண்டு நாளாக மூச்சுத்திணறலோடு வந்தவர்.’ அடுத்து ராத்திரி நடந்தது, வைட்டல்ஸ் (நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல் போன்றவை), எவ்வளவு நீர் உள்ளே போனது எவ்வளவு வெளியே வந்தது, மாறிய ரத்த முடிவுகள் மட்டும். பிறகுதான் முக்கியம்: பிரச்சினை ஒன்று, நான் நினைப்பது இது, காரணம் இது, இன்று இதைச் செய்யலாம், பிரச்சினை இரண்டு, அப்படியே. நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். தகவல் எல்லாம் சொல்லிவிட்டு, முடிவைப் பெரியவர் சொல்லட்டும் என்று வாய்மூடி நிற்பார்கள். நமக்கு அது மரியாதை. அங்கே ‘இந்தப் பெண்ணுக்கு யோசிக்கத் தெரியவில்லை’ என்று எழுதிவிடுவார்கள். தப்பாக இருந்தாலும் ஒரு யோசனையைச் சொல்ல வேண்டும். தினமும் ஒரு கேஸை போனில் பதிவுசெய்து, மூன்று நிமிஷம் தாண்டுகிறதா என்று அவளே கேட்டுப் பார்க்கட்டும்.

அவள் இங்கிலீஷ் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது நம்மூர் இங்கிலீஷ். ‘ஐ ஹேவ் எ டவுட் சார்’ என்றால் நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று அவர்கள் காதில் விழும். ‘கொஸ்டின்’ என்று சொல்ல வேண்டும். காலேஜிலிருந்து ‘பாஸ்டு அவுட்’ என்றால் மயங்கி விழுந்தாள் என்று அர்த்தம். ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர் இல்லை, தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவு. ஆபரேஷன் நடக்கும் இடம் ஓ.ஆர். பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்பியூட்டமால் ஆல்பியூட்டரால், அட்ரினலின் எபிநெஃப்ரின், ரிஃபாம்பிசின் ரிஃபாம்பின். 3/4 என்றால் மார்ச் 4, ஏப்ரல் 3 இல்லை. மருந்து தொடங்கிய தேதியை இப்படி மாற்றிப் படித்தால் சிகிச்சைக் கணக்கே புரண்டுவிடும். சரி என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறோமே, அதை இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். வாயால் சொல்ல வேண்டும்.

நோயாளியிடம் பேசுவதும் வேறு. இங்கே புற்றுநோய் என்றால் மூத்த மகனை வராண்டாவுக்குக் கூப்பிட்டுச் சொல்கிறோம். அங்கே நோயாளியிடம்தான் சொல்ல வேண்டும். மகனிடம் சொல்ல நோயாளியின் சம்மதம் வேண்டும். ‘குடிப்பீங்களா?’ ‘எப்பவாவது’ என்பதோடு நம் கேள்வி முடிந்துவிடும். அங்கே வாரத்துக்கு எத்தனை டிரிங்க் என்று எண்ணிக்கை கேட்பார்கள். ஒரு டிரிங்க் என்பது 14 கிராம் ஆல்கஹால், சுமார் 355 மில்லி பீர். இதையெல்லாம் கூச்சப்படாமல் கேட்கப் பழக வேண்டும். இன்னொன்று, கண்டிப்பாகச் சொல்: எக்ஸ்ரேயைப் படமெடுத்து வாட்ஸாப் குரூப்பில் போடுகிற பழக்கம் விமானம் ஏறும் முன்பே ஒழிய வேண்டும். நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிற, 1996இல் வந்த ஹிப்பா சட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு படத்துக்காக ரொட்டேஷனையே நிறுத்திவிடுவார்கள்.

அப்சர்வர்ஷிப்தான் கிடைத்தது என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும். இங்கே ராத்திரி டியூட்டியில் ஐ.வி. லைன் போட்டுப் போட்டுப் பழகிய கை. உதவி செய்கிறேன் என்று ஒரு ஊசியைத் தொட்டாலும் ஆஸ்பத்திரிக்கும் சிக்கல், அவள் விசாவுக்கும் சிக்கல்.

சிபாரிசுக் கடிதத்தை மூன்றாவது வாரமே கேட்க வேண்டும். கடைசி நாள் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. கவரில் போட்டுக் கையில் தரமாட்டார்கள்; ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கிற எராஸ் தளத்தில் அவள் எடுத்துக் கொடுக்கும் படிவத்தை வைத்து அவர்களே ஏற்றுவார்கள். கடிதத்தைப் படிக்கும் உரிமை வேண்டாம் என்று அவள் டிக் செய்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் அதை யாரும் நம்பிப் படிப்பதில்லை. ஒரு ரெசிடென்சி புரோகிராமுக்கு நான்கு கடிதம் வரை அனுப்பலாம். விண்ணப்பம் செப்டம்பரில், யாருக்கு எந்த இடம் என்கிற ‘மேட்ச்’ முடிவு மார்ச்சில். ரொட்டேஷனை அதற்கு முந்தைய கோடைக்குள் முடித்துவிடப் பார்.

கேழ்வரகு மாவு இரண்டு கிலோ கட்டிக் கொடுக்கப் போவதாகத் தங்கச்சி சொன்னாளாம், கொடுக்கட்டும். அடுத்த ஞாயிறு காவேரிப்பட்டணம் வருகிறேன். கயலை பாஸ்போர்ட், மார்க் ஷீட், தடுப்பூசி அட்டை மூன்றையும் எடுத்து வைக்கச் சொல். அட்டை பரணில் எங்கேயோ இருக்கிறது என்று சொல்வாய், இப்போதே தேட ஆரம்பி.

அன்புடன்,
சிவா