எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேள்

அன்புள்ள கயல்,

அம்மா தந்தாலும் அப்பா தந்தாலும் மரபணு மரபணுதானே, பிறகு ஏன் வகுப்பில் இத்தனை குழப்புகிறார்கள் என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பெரும்பாலான மரபணுக்களுக்கு நீ சொல்வது சரி. பாலூட்டிகளில் ஒரு சின்னக் கூட்டம் மட்டும் அப்படி இல்லை. மனிதர்களில் சுமார் 100 இருக்கும். அவற்றில் சில அப்பாவிடமிருந்து வந்தால்தான் வேலை செய்யும், சில அம்மாவிடமிருந்து வந்தால்தான். கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போதே டிஎன்ஏ மேல் மெத்தில் என்ற சின்ன வேதிக் குறிகள் விழுந்துவிடுகின்றன. டிஎன்ஏவின் எழுத்து மாறுவதில்லை, அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்த இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் அடங்கிக் கிடக்கிறது.

ஆடு மாடு பார்க்கப் போகிறவள் நீ. உனக்கு ஓர் ஆட்டை வைத்தே சொல்கிறேன். 1983இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் டோர்செட் என்ற செம்மறி இனத்தில் ஒரு கிடா பிறந்தது. சாலிட் கோல்ட் என்று பெயர். பின்தொடைகள் அப்படித் திரண்டிருந்தன. அதன் குட்டிகள் சிலவற்றுக்கும் அதே வாகு வந்தது. பிறக்கும்போது ஒன்றும் தெரியாது, மூன்று வாரம் போனால்தான் சதை ஏறும். கொழுப்பு குறைவு, ஆனால் கறி ரொம்பக் கடினம்.

காரணம், 18ஆவது குரோமோசோமில் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து. ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஜி. அது அப்பாவிடமிருந்து மட்டும் வந்தால் குட்டிக்குத் தொடை திரளும். அம்மாவிடமிருந்து மட்டும் வந்தால் சாதாரணக் குட்டிதான். இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்? இரட்டிப்பாகத் திரளும் என்றுதானே நினைப்பாய். இல்லை, அதுவும் சாதாரணக் குட்டியே! ஜி உள்ள அப்பா வழிப் பிரதி சதையை வளர்க்கும் புரதங்களைக் கூட்டுகிறது. அம்மா வழிப் பிரதியிலும் ஜி இருந்தால், அதிலிருந்து வரும் ஆர்என்ஏக்கள் (டிஎன்ஏவிலிருந்து படியெடுக்கப்படும் மூலக்கூறுகள்) அதை அடக்கிவிடுகின்றன. 1996இல் இந்த மரபுவழி முறையை ஆய்வாளர்கள் எழுதியபோது, இப்படி ஒன்றை மரபியலில் யாரும் கண்டிருக்கவில்லை. எனக்கு இன்றும் இதைப் படித்தால் பரவசமாக இருக்கிறது.

அப்புறம் ஒன்று. அந்தக் குறி நிரந்தரம் இல்லை. தாயிடமிருந்து அந்த எழுத்தைப் பெற்ற கிடா பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அதன் விந்தணுவில் பழைய குறி அழிந்து, ஆண் வழிக் குறி புதிதாக விழுகிறது. அதனால் பாட்டியிடம் வெளியே தெரியாமல் இருந்தது பேரக்குட்டியிடம் தெரியும்.

பண்ணைப் பதிவேட்டில் தாய் பெயரை விட்டுவிட்டுத் தகப்பனை மட்டும் எழுதியிருந்தால் விடாதே, கேட்டு வாங்கு. இந்த வாரம் ஒரு கணக்குப் போட்டு எனக்கு எழுது: இரண்டு பிரதியிலும் அந்த ஜி உள்ள சாதாரணக் கிடாவை, அது இல்லாத பெட்டைகளோடு சேர்த்தால் என்ன பிறக்கும்? அத்தனை குட்டிக்கும் தொடை திரளும். ஏன் என்று நீயே சொல்.

அன்புடன்,
அப்பா