‘ஆரண்ய காண்டம்’ மக்கள் நிராகரித்த படமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழில் வந்த கேங்ஸ்டர் படங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ படத்தை, விமர்சகர்கள் கொண்டாடியும் மக்கள் நிராகரித்த படம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. பல ஆண்டுகளாகப் பலரும் எழுதிவரும் வரிதான் இது. அதன் பிற்பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. முற்பாதியிலும் நம் விமர்சகர்கள் பெருமைப்பட அதிகம் இருப்பதாகத் தெரியவில்லை.

எஸ்.பி.பி. சரண் தயாரித்த இப்படம் 2010-இல் நியூயார்க்கில் நடந்த தெற்காசியத் திரைப்பட விழாவில் சிறந்த படத்துக்கான நடுவர் குழு விருதைப் பெற்றது. இங்கோ தணிக்கைக் குழு 52 வெட்டுகளைக் கேட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை சென்று, ‘ஏ’ சான்றிதழுடன் படம் திரைக்கு வந்தபோது 2011 ஜூன் 10 ஆகிவிட்டது. கூட்டத்தை இழுக்கும் கதாநாயகன் இல்லை, விளம்பரத்துக்கு ஒலிக்கவிடப் பாடல்கள் இல்லை. ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் ஒளிபரப்பவும் வழியில்லை. அறிமுக இயக்குநரின் சிறந்த படம், சிறந்த படத்தொகுப்பு என இரு தேசிய விருதுகள் 2012 மார்ச்சில் அறிவிக்கப்பட்டபோது, அது திரையரங்குகளை விட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. காணக் கிடைக்காத ஒன்றை மக்கள் எப்படி நிராகரித்திருக்க முடியும்? பின்னாளில் கணினியிலும் கைப்பேசியிலும் தேடிப் பார்த்து, அதன் வசனங்களை மனப்பாடமாகச் சொல்லும் இளைஞர்களும் அதே மக்கள்தானே?

இனி விமர்சகர்களின் பாராட்டுக்கு வருகிறேன். அன்றைய மதிப்புரைகளில் பல, ‘தமிழின் முதல் நியோ நுவார்’ (குற்ற உலகை இருண்ட தொனியில் சொல்லும் பட வகை) என்ற பட்டத்தைச் சூட்டி, ஹாலிவுட் இயக்குநர் டாரன்டினோவின் பெயரைப் பக்கத்தில் வைத்ததோடு மனநிறைவு அடைந்துவிட்டன. அந்தப் பெயர்களை அறியாத வாசகருக்கு, இது தமக்கான படம் அல்ல என்ற எண்ணத்தையே அவை தந்திருக்கும். படமோ வடசென்னையில் ஒரே நாளில் நடப்பது, நம்மவர்களைப் பற்றியது. முதுமையும் இயலாமையும் வெளியே தெரிந்துவிடுமோ என்று குமையும் தாதா சிங்கப்பெருமாள், மனைவியைக் காப்பாற்றுவதற்காக ஓடிக்கொண்டே கணக்குப் போடும் பசுபதி, எல்லா ஆண்களாலும் ஏமாளியாகக் கருதப்பட்டு அந்த அலட்சியத்தையே ஆயுதமாக்கிக்கொள்ளும் பெண் சுப்பு என ஒவ்வொருவரையும் விரித்து எழுத இடமிருந்தது. குறிப்பாக, வாழ்ந்து கெட்ட ஜமீன்தார் காளையனும் அவர் மகன் கொடுக்காப்புளியும். குடித்துவிட்டு விழுந்து கிடக்கும் தகப்பனுக்காக அத்தனை பாடுபடும் சிறுவனிடம், அப்பாவை அவ்வளவு பிடிக்குமா என்று கேட்கப்படுகிறது. அப்படியெல்லாம் இல்லை, ஆனாலும் அவர் தன் அப்பா என்கிறான் அவன். தகப்பன் பாசத்தைப் பாட்டாகவும் கண்ணீராகவும் காட்டிப் பழகிய நம் சினிமாவில் இந்தப் பதில் எவ்வளவு புதியது என்று எடுத்துச் சொல்லியிருந்தால், உலக சினிமா பரிச்சயமில்லாத ஒருவர்கூட டிக்கெட் எடுத்திருப்பார் என்றே நம்புகிறேன். பொறுப்போடு, படத்துக்குள் இறங்கி எழுதியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு என் நன்றி. பட்டம் சூட்டியவர்களின் குரலே அன்று ஓங்கி ஒலித்தது.

பழைய கதையை இப்போது ஏன் கிளற வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அன்று இப்படத்துக்குக் கைகொடுத்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமே 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டுவிட்டது. தணிக்கைக் குழுவின் முடிவை ஏற்காத தயாரிப்பாளர் இன்று உயர் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். வட்டிக்குப் பணம் வாங்கிப் படமெடுக்கும் சிறு தயாரிப்பாளருக்கு அந்தச் செலவும் காத்திருப்பும் எளிதல்ல. இத்தகைய தடைகளைக் கடந்து வரும் படம் தோற்றால், பழியை மட்டும் பார்வையாளர் மேல் போடுவது நியாயமாகாது.

ஆகவே, இனி ஒரு சிறு படத்தின் வெற்றி தோல்வியைத் தங்கள் இதழில் எழுதும்போது, அது எத்தனை திரைகளில், எந்தெந்த நேரக் காட்சிகளில், எத்தனை நாள் ஓட விடப்பட்டது என்ற விவரத்தையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.