பைண்டிங் பாய்க்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

வெள்ளம் புகுந்த அந்த ராத்திரி என்ன நடந்தது என்று திரும்ப எழுதப்போவதில்லை. மதுரைப் பந்தல்குடி வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். பத்து நாளாகச் சரியான தூக்கமில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் கொண்டுவந்து மண்டபத்துத் தண்ணீரை இறைத்த ஜமாஅத் பையன்கள், முதல் நாளே அடுப்பு மூட்டிய அன்பியத்து (எங்கள் தெரு ஜெபக்குழு) அக்காமார், பாயும் தலையணையும் கொடுத்த வின்சென்ட் தே பால் உதவிச் சபையினர், கோரிப்பாளையத்திலிருந்து மாத்திரைப் பெட்டியோடு நடந்தே வந்த நர்சம்மா, கணக்கே எழுதாமல் டீ கொடுத்த தெருமுனை அண்ணன், கன்னியர் மடத்துச் சிஸ்டர்மார் எல்லோருக்கும் நன்றி. பேர் விட்டுப்போனவர்கள் என்னை நேரில் திட்டலாம்.

இனி, புத்தகம் பைண்டிங் செய்கிற பாய். பேர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுகிறேன்.

எங்கள் பங்குக் கோயில் அலுவலக பீரோவின் கீழ்த்தட்டில் இரண்டு சாமான் இருந்தது. ஒன்று, திருமுழுக்குப் பெற்ற பிள்ளைகள் பேர் எழுதிய பழைய பதிவேடு. இன்னொன்று எங்கள் பணிக்குழுவின் மனுக்கட்டு: திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸில் கொடுத்த மனுக்களின் நகல், ரசீது, விதவை உதவித்தொகை, பட்டா, ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது என்று வருஷக்கணக்கான காகிதம். கீழ்த்தட்டில் வைத்தது நான்தான். ரெண்டும் ஊறி, மாவு பிசைந்த மாதிரி ஆகிவிட்டது. வெயில் வந்ததும் மொட்டை மாடியில் காயப்போடலாம் என்று தூக்கிக்கொண்டு போனேன். பம்ப் செட்டைத் திருப்பி எடுக்க வந்த பையனோடு வந்திருந்த ஒரு பெரியவர் பின்னாலேயே ஓடிவந்தார், அவர்தான் பாய். "வெயில்ல போடாதீங்க தம்பி, தாளு அப்பளமாச் சுருண்டுக்கும். உள்ள கொண்டாங்க."

மறைக்கல்வி வகுப்பு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டார். கடையிலிருந்து அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் தாள் ஒரு கட்டு வரவழைத்தார். உட்காருவார் என்று பார்த்தால், குழாயடிக்குப் போய்க் கை, முகம், கால் கழுவி, தொழுகைக்கு முன் செய்கிற ஒளு செய்துவிட்டு வந்தார். தொழப்போகிறார் என்று நினைத்து நான் இடம் ஒதுக்கினேன். "இல்ல தம்பி, குர்ஆன் பைண்டிங்குக்கு வந்தா ஒளு இல்லாமத் தொடமாட்டேன். இதுல உங்க பிள்ளைங்க பேரெல்லாம் இருக்குல்ல" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் பதிவேட்டை டீ கிளாஸுக்கு அடியில் வைத்தவன் நான்.

மூங்கில் சீவல் ஒன்றைப் பக்கங்களுக்கு நடுவில் விட்டு, ஒட்டியதை மூச்சுப் பிடித்துக்கொண்டு பிரிப்பார். இடையில் வெள்ளைத்தாள் வைப்பார், அது ஈரம் குடித்ததும் மாற்றுவார். ஃபேன் மட்டும்தான், அதுவும் மெதுவாக. அஸர் தொழுகைக்குப் போய்விட்டு வந்து திரும்ப உட்காருவார். இப்படி நாலு நாள். அவர் வீட்டிலும் முழங்கால் தண்ணீர் நின்றது என்று மூன்றாம் நாள்தான் அவர் பையன் சொல்லித் தெரிந்தது. கறுப்பு மசி நின்றுவிட்டது, சீல் வைத்த ஊதா மசிதான் பல இடத்தில் கரைந்து போயிற்று. மரியம்மாள், மரியநாயகம், மரியபுஷ்பம் என்று வரிசையாக வாசித்துவிட்டு, "எங்க குர்ஆன்ல 19-வது சூராவே மரியம்தான் தம்பி" என்று சிரித்தார்.

மனுக்கட்டைப் பிரிக்கும்போதுதான் எனக்குச் சங்கடம் ஆரம்பித்தது. தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் இனத்தவர் உரிமை கேட்டு ஒவ்வொரு ஆகஸ்ட் 10-ம் தேதியும் நாங்கள் கொடுக்கிற மனு மேலேயே இருந்தது. பாய் கண்ணாடியைத் தூக்கிவிட்டு முழுசும் வாசித்தார். பட்டியல் இன உரிமை இந்துக்களுக்கு மட்டும் என்று அதே ஆகஸ்ட் 10-ல் வந்த 1950 ஜனாதிபதி ஆணை, 1956-ல் சீக்கியரைச் சேர்த்தது, 1990-ல் பௌத்தரைச் சேர்த்தது எல்லாம். "எங்காளுகளும் வெளியிலதானே நிக்குறாங்க. ஒண்ணாக் குடுத்திருக்கலாமே" என்றார். கேட்ட தொனியில் குத்தல் எதுவுமில்லை.

ஒன்றாகக் கொடுக்கலாம் என்று பணிக்குழுவில் ஒரு சிஸ்டர் முன்பே சொன்னார். அவங்க பிரச்சினையைச் சேர்த்தா நம்ம பிரச்சினை நீர்த்துப்போகும் என்று மறுத்தவன் நான். இதை பாயிடம் சொல்லவில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன். 1965-ல் எங்கள் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'நம் காலத்தில்' அறிக்கையில், பழசை மறந்து முஸ்லிம்களும் நாமும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளவும் சமூக நீதிக்குச் சேர்ந்து உழைக்கவும் சொல்கிற பத்தியைப் பயிற்சி வகுப்புகளில் வாசித்துக் காட்டுகிறவனும் நானேதான். வாசிப்பதோடு சரி. நோன்புக் கஞ்சி குடிக்கப் போவோம், கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தனுப்புவோம், போட்டோ எடுத்துக்கொள்வோம், அப்புறம் அவரவர் மனு அவரவர் ஃபைலில்.

வருகிற ஆகஸ்ட்டுக்கு முன்னால் ஜமாஅத் ஆபீஸுக்கு நானே போய்க் கேட்பேன். சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு. பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டேன், இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டதால் பின்வாங்க முடியாது.

பதிவேடு இப்போது பாய் கடையில் இருக்கிறது. மைதாப் பசையில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சியிருக்கிறார், இனிப் பூச்சி அண்டாதாம். கூலி பற்றிப் பேச்செடுத்தால் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார். நேற்று போனில் ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார்: பழைய அட்டையில் 'ஞானஸ்நானம்' என்று இருக்கிறது, நீங்கள் எல்லோரும் 'திருமுழுக்கு' என்கிறீர்கள், தங்க எழுத்தில் எதை அடிக்க?

பாய், பங்குப்பேரவையில் இதற்கு ஒரு மணி நேரம் சண்டை நடந்து இன்னும் முடிவாகவில்லை. ரெண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.